நிலங்கேட்ட நெடும்பயணம்

விற்காத நிலத்தை, போரில் தோற்று இழக்காத நிலத்தை, எழுதியும் கொடுக்காத நிலத்தை ஓர் அரசு தன்னுடையதென்று கொள்ளுமாயின், அந்நிலத்துக்குரிய மக்கள் யாரிடம் முறையிடுவர்? இவ்வினாவை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக விடாது எழுப்பியவர்கள், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், நாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வாழும் நிஸ்கா பழங்குடியினர். அவர்தம் வரலாறு நாம் கற்றுணரத் தக்கது.

பழங்குடியினர் நிலத்தை அவர்தம் இசைவுடன் அரசு மட்டுமே பெறலாம் என்று 1763-லேயே மூன்றாம் ஜார்ஜ் மன்னர் பிரகடனம் செய்திருந்தார். ஆயினும் அம்மாகாணத்தின் பெரும்பகுதியில் உடன்படிக்கை எதுவும் செய்யப்படவில்லை. 1887-இல் நிஸ்காத் தலைவர்கள் தலைநகர் விக்டோரியாவுக்குச் சென்று உடன்படிக்கை கேட்டனர். மாகாண அரசு மறுத்துவிட்டது. 1913-இல் இலண்டன் பிரிவி கவுன்சிலுக்கு விண்ணப்பித்தனர்; தீர்ப்பு எதுவும் வரவில்லை. 1927-இல் அதனினும் கொடிய சட்டம் வந்தது. அரசின் அனுமதியின்றி நில உரிமைக் கோரிக்கைக்குப் பணம் திரட்டுவதே குற்றமாயிற்று. எவரை எதிர்த்து வழக்காட வேண்டுமோ, அவரிடமே அனுமதி பெற வேண்டிய அவலம் அது! 1951 வரை அத்தடை நீடித்தது.

எனினும் அவர்கள் ஓயவில்லை. இறையியற் கல்லூரியில் பயின்று, 1949-இல் மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்ற பிராங்க் கால்டரின் தலைமையில் 1955-இல் நிஸ்காப் பழங்குடி மன்றம் அமைந்தது. 1967-இல் தொடுத்த வழக்கு, மாகாண நீதிமன்றங்களில் தோற்று, உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. 1973-இல் எழுவர் கொண்ட ஆயத்தில் அறுவர், பழங்குடியினரின் நிலவுரிமை சட்டத்தில் இருந்ததென ஒப்பினர். அவ்வுரிமை இன்றும் உளதென மூவரும், அழிந்ததென மூவரும் கூறினர். ஏழாமவர், வழக்குத் தொடுக்க முன்னனுமதி பெறவில்லை என்று தள்ளினார். ஆக, வழக்குத் தோற்றது, கொள்கையோ வென்றது. அவ்வாண்டிலேயே மத்திய அரசு, நிலவுரிமை குறித்துப் பேச்சு நடத்த இசைந்தது.

1976-இல் பேச்சு தொடங்கிற்று. மாகாண அரசு 1990-இல்தான் அதில் சேர்ந்தது. 2000 மே 11-இல் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ 2,000 சதுர கிலோமீட்டர் நிலமும், மீன்பிடி உரிமையில் பங்கும், தன்னாட்சியும், இழப்பீட்டுத் தொகையும் கிடைத்தன. ஆனால் அவர்கள் உரிமை கோரிய பரப்பில் அது பத்திலொரு பங்கினும் குறைவே. நீதி முழுமையாகக் கிடைத்தது என்று நாம் கூறோம்.

ஆயினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. 1887-இல் விக்டோரியாவுக்குச் சென்றவர் எவரும் அந்நாளைக் காணவில்லை. பாட்டன் தொடுத்த கோரிக்கையைப் பேரனும் அவன் மக்களும் ஏந்தி நின்றனர். மனு எழுதவும், சட்டம் அறியவும், மன்றத்தில் எழுந்து பேசவும் வல்ல தலைமுறை தோன்றியபோது அக்கோரிக்கை அசைக்க முடியாததாயிற்று. உரிமையை மறவாத நெஞ்சமும் அதனை எடுத்துரைக்கும் கல்வியும் ஒருங்கே வேண்டும் என்பதே அவ்வரலாறு நமக்குரைக்கும் பாடமாகும்.