ஜாக்டா: தலைக்கணக்கும் கால்வளையமும்

காக்கைக் குடும்பத்தின் சிறிய உறுப்பினர்களில் ஒன்று ஜாக்டா. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் காணப்படும் இதை இந்தியாவில் பார்க்கப் பெரும்பாலும் காஷ்மீருக்குத்தான் போக வேண்டும். நம் ஊர்க் காகத்தைப் போலவே இதற்கும் கழுத்து சாம்பல் நிறம் என்பதால் படத்தில் பார்ப்பவர் ஏமாறக்கூடும். கண்ணைக் கவனித்தால் குழப்பம் தீரும்: ஊர்க்காகத்தின் கண் கருமை, ஜாக்டாவின் கண் வெளிறிய வெள்ளை. அலகு குட்டை, உடல் நீளம் ஏறக்குறைய 34 செ.மீ.

மரப்பொந்து, பாறை இடுக்கு, தேவாலயக் கோபுரம், வீட்டுப் புகைபோக்கி எதுவானாலும் கூடு கட்டிவிடும். புகைபோக்கிக்குள் ஒவ்வொரு சுள்ளியாகப் போட்டுக்கொண்டே இருக்கும். ஏதாவது ஒன்று குறுக்கே சிக்கி நின்றதும் அதன்மேல் அடுக்கத் தொடங்கும். வீட்டுக்காரருக்கு அடைப்பு, பறவைக்கு அடித்தளம்.

இங்கிலாந்தில் இதற்குக் கெட்ட பெயர்தான் நீண்டகாலம் நிலைத்தது. 1532இல் எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டம், காக்கை இனங்களைப் பிடிக்க ஊர்தோறும் வலை வைக்கச் சொன்னது. 1566இல் முதலாம் எலிசபெத் ஆட்சியில் வந்த சட்டம் தலைக்கு விலை வைத்தது. பணத்தைக் கொடுத்தவர்கள் தேவாலய நிர்வாகிகள். அவர்களுடைய கோபுரத்திலேயே ஜாக்டா குஞ்சு பொரித்துக்கொண்டிருந்தது என்பது வேடிக்கை. காக்கை வகைகளை ஒரே மூட்டையாகக் கட்டிய அந்தச் சட்டங்களுக்குத் தேவைப்பட்டது தலைக்கணக்கு மட்டுமே. பறவையின் வாழ்க்கையை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அதைப் பொறுமையாகக் கவனித்தவர் விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரன்ஸ். வியன்னாவுக்கு அருகே, டான்யூப் கரையிலுள்ள ஆல்டன்பர்க்கில், 1920களில் தம் குடும்ப வீட்டின் மேல்மாடத்தில் ஜாக்டாக் கூட்டம் ஒன்றை வளர்த்தார். கால்களில் வண்ண வளையம் மாட்டியதால் ஒவ்வொரு பறவையையும் தனித்தனியே அடையாளம் காண முடிந்தது. கூட்டத்தில் யார் மேல், யார் கீழ் என்ற வரிசை உண்டு. மேல்நிலை ஆணுடன் சேர்ந்த பெண்ணுக்கு அவனுடைய மதிப்பும் கூடவே வந்துவிடும். சேர்ந்த இணை பெரும்பாலும் ஆயுள்வரை பிரியாது. ஒருநாள் லோரன்ஸ் தம் பையிலிருந்து ஈரமான கறுப்பு நீச்சல் கால்சட்டையை எடுத்தபோது, கூட்டமே கூச்சலிட்டு அவர் கையைக் கொத்தியது. கறுப்பாக ஏதோ தொங்குவதைக் கண்டதும், பிடிபட்ட தோழன் என்று எடுத்துக்கொண்டது என்பது அவர் விளக்கம். பழகிய மனிதர் என்ற சலுகை அங்கே செல்லவில்லை.

இந்தக் கவனிப்புகளை 1927இலும் 1931இலும் ஆய்வுக் கட்டுரைகளாக வெளியிட்டார். விலங்கு நடத்தையியல் தனித் துறையாக வளர்ந்ததில் இவற்றுக்கும் பங்குண்டு. அத்துறைப் பணிக்காக 1973இல் கார்ல் வான் ஃபிரிஷ், நிக்கோ டின்பர்கன் ஆகியோருடன் லோரன்ஸ் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.