இரண்டு ‘கேஷ்’

ஆங்கிலம் படிக்கும் சீன மாணவருக்கு ‘கேஷ்’ ஒரு தொல்லையே இல்லை. அவர் மொழியில் அது ‘சியன்ஜின்’, கைரொக்கம். செக்கைக் கேஷ் ஆக்குவது, கேஷாகக் கொடுத்தால் தள்ளுபடி என்று மளமளவெனப் போய்விடுவார். தன் நாட்டு வரலாற்றை ஆங்கிலத்தில் படிக்கும்போதுதான் விழிப்பார். ஆயிரம் கேஷ் சேர்ந்தது ஒரு சரம் என்று அங்கே இருக்கும். ரொக்கத்தை எப்படிச் சரமாகக் கோப்பது?

எழுத்து ஒன்று, சொல் இரண்டு. ரொக்கம் என்னும் கேஷ், லத்தீன் ‘காப்சா’விலிருந்து இத்தாலியம், பிரெஞ்சு வழியாக வந்தது. பெட்டி என்று பொருள். பெட்டியின் பெயர் உள்ளே இருந்த பணத்துக்கு ஆகிவிட்டது. நம் கடைகளில் ‘கல்லா’ என்றால் பெட்டியும் அதுதான், வசூலும் அதுதான். அந்தப் பெட்டிக்குப் பொறுப்பானவர் கேஷியர். ஆனால் படை அதிகாரி ஒருவரை ‘கேஷியர்’ செய்தார்கள் என்று படித்தால், பதவியைப் பறித்துத் துரத்தினார்கள் என்று பொருள். அதன் வேர் வேறு.

சரத்தில் கோத்த கேஷ் நம் ஊர்ச் சரக்கு. ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகள் கணக்கு வைக்கும் அதே காசு. அதை வடமொழிக் ‘கர்ஷ’த்திலிருந்து வந்தது என்பாரும் உண்டு. போர்ச்சுகீசியர் காதில் காசு ‘கைஷா’ ஆனது. அவர்கள் மொழியிலும் ‘கைஷா’ என்றால் பெட்டி என்பது வேடிக்கை. கிழக்கே போன இடங்களில் கண்ட சில்லறைக்கெல்லாம் அதே பெயரை வைத்தார்கள். ஆங்கிலேயர் அதைக் ‘கேஷ்’ என்றார்கள்.

சீனர் அந்தப் பெயரைச் சொன்னதே இல்லை. அவர்களுக்கு அது ‘வென்’. வட்ட நாணயம், நடுவில் சதுரத் துளை. கி.மு. 221இல் நாட்டை ஒன்றாக்கிய சின் பேரரசர் இந்த வடிவத்தை எங்கும் பொதுவாக்கினார். அது இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் நின்றது. இதை அச்சடிக்கவில்லை, வார்த்தார்கள். உருக்கிய உலோகம் அச்சுக்குள் கிளைகிளையாக ஓடி உறையும்; காய் பறிப்பதுபோல் நாணயங்களை ஒடித்தெடுப்பார்கள். பிறகு துளையில் சதுரக் கம்பியைச் செருகி, சுழலாமல் பிடித்து, விளிம்புகளை மொத்தமாக அராவுவார்கள். வட்டத் துளையாக இருந்தால் நாணயம் கம்பியில் சுற்றிக்கொண்டே இருக்கும். கயிறு கோத்துச் சரமாக்க உதவியதும் இந்தத் துளைதான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனா இயந்திரத்தில் அடித்த செப்பு நாணயங்களில் ‘டென் கேஷ்’ என்று ஆங்கில எழுத்தில் பொறித்தார்கள். அப்போதே சென்னையில் அந்தச் சொல் பழங்கதை. கும்பினிக் காலத்தில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்ற கணக்கு 1818 வரை ஓடியது. அதற்காக இங்கிலாந்தில் அடித்த காசுகளை ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ 1809இல் அந்நாட்டுக் கடலோரத்திலேயே மூழ்கியது. திருவிதாங்கூரில் மட்டும் காசு 1949 வரை செல்லுபடியானது.

சீன வரலாற்றை ஆங்கிலம் வழியாகத் தமிழுக்குக் கொண்டுவருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பத்து ‘கேஷ்’ என்று எழுதாதீர்கள், ரொக்கம் என்றும் வேண்டாம். பத்துக் காசு என்றே எழுதுங்கள்.