கொள்ளைநோய்க் காலமும் நகராட்சிக் கணக்கும்

2020ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவிய நாட்களில், ஊரெல்லாம் கதவடைத்திருந்தபோது தெருவில் நின்றோர் துப்புரவுத் தொழிலாளர். நம் வன்னியம்பட்டிக்கு அண்மையிலுள்ள திருவில்லிபுத்தூர், இராசபாளையம் முதல் தலைநகராம் சென்னை வரை இதுவே நிலை. அவ்வாண்டில் தமிழக அரசு அவர்களுக்குத் ‘தூய்மைப் பணியாளர்’ எனப் பெயர் சூட்டிற்று. பல ஊர்களில் மக்கள் அவர்களுக்கு மாலை அணிவித்தனர்; மலர் தூவினர். பெயரும் மாலையும் நன்றே. ஆயினும், கொள்ளைநோய்க் காலத்தில் ஒரு நகரம் தன் செலவை யார் தலையில் ஏற்றுகிறது, தன் ஆட்களை எவ்வாறு பிடித்து வைத்துக்கொள்கிறது என்பதை நம் இளைஞர்கள் அறிய வேண்டும். அதன் பொருட்டு நூற்றிருபது ஆண்டுகளுக்கு முற்பட்ட பம்பாய் நகர வரலாறு ஒன்றை இம்மலரில் எடுத்துரைக்க விழைகின்றோம்.

1896 செப்டம்பரில், பம்பாய்த் துறைமுகத்தை அடுத்த மாண்டவிப் பகுதியில் பிளேக் நோய் தோன்றியிருப்பதை மருத்துவர் அக்காசியோ வியேகாஸ் கண்டறிந்தார். எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்த அந்நகரத்திலிருந்து, அடுத்த சில மாதங்களில் ஏறத்தாழப் பாதி மக்கள் வெளியேறினர். செல்வர் முதலில் சென்றனர். ஆலைத் தொழிலாளர் பின் சென்றனர். ஒரு கூட்டத்தார் மட்டும் போய்விடக் கூடாதே என்று நகராட்சி அஞ்சியது. அவர்கள் ‘ஹலால்கோர்’ எனப்பட்ட மலம் அள்ளும் தொழிலாளர். நேரிய வழியில் ஈட்டியதை உண்பவர் என்பது அச்சொல்லின் பொருள். பொருள் உயர்ந்தது, அப்பெயரைத் தாங்கியோரைத் தொடவும் எவரும் ஒப்பவில்லை.

அந்நாளில் பம்பாயின் பெரும்பகுதிக்குப் பாதாளச் சாக்கடை இல்லை. வீடுகளுக்கு இடைப்பட்ட இருண்ட சந்துகளில் நுழைந்து, எடுப்புக் கக்கூசுகளின் கூடைகளை நாள்தோறும் அகற்றியவர்கள் இவர்களே. இவ்வேலைக்கென வீட்டுக்காரரிடம் ‘ஹலால்கோர் வரி’ என்ற பெயரிலேயே நகராட்சி வரி தண்டியது. 1888ஆம் ஆண்டு பம்பாய் நகராட்சிச் சட்டத்திலும் அவ்வரி இடம்பெற்றது. ஒரு சமூகத்தின் இழிவாகக் கருதப்பட்ட தொழில், நகராட்சியின் வரவேட்டில் ஒரு தலைப்பாக ஏறியது விந்தையே.

1889இல் அத்தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். விடையாக 1890இல் நகராட்சி ஊழியர் சட்டம் வந்தது. முன்னறிவிப்பின்றி வேலையை விட்டு விலகும் துப்புரவுத் தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பவும் அச்சட்டம் இடம் தந்தது. எழுத்தர் விலகினால் ஊதியம் போகும். தோட்டி விலகினால் விலங்கு பூட்டப்படும். நகராட்சியின் செலவேட்டில் இவ்வளவு மலிவாக ஆள் கிடைத்ததற்குச் சாதி ஒரு காரணம் எனில், இத்தகைய சட்டம் மற்றொரு காரணம்.

ஆனால் பிளேக் வந்தபோது அச்சட்டமும் போதவில்லை. 1896 அக்டோபர் 6ஆம் நாள் நகராட்சி ஆணையர் ஸ்னோ, வீடுகளுள் புகுந்து மருந்தடிக்கவும் நோயாளிகளைப் பிரித்துக் கொண்டுபோகவும் கட்டளை பிறப்பித்தார். நகரம் கொதித்தது. அக்டோபர் 29ஆம் நாள் ஆலைத் தொழிலாளர் பெருந்திரளாகச் சென்று ஆர்தர் சாலை மருத்துவமனையைத் தாக்கினர். உடனே ஆணையர் தம் கட்டளையைத் தளர்த்தினார். அதற்கு அவர் பின்னர் எழுதிய காரணங்களுள் ஒன்றே நமக்கு முக்கியம்: கடுமை நீடித்தால் ஹலால்கோர்கள் அச்சமுற்று ஓடிவிடுவர், அவர்கள் போனால் நகரம் மலக்குவியலாகி, ஒருவரும் வாழ இயலாததாகிவிடும் என்பது. ஒருவனைச் சிறையிலிடலாம், ஆயிரவரைச் சிறையிலிட்டால் கூடையைத் தூக்குவது யார்? தங்களிடம் இருந்த ஆற்றலை அம்மக்கள் அறிந்திருந்தார்களோ இல்லையோ, ஆணையர் நன்கறிந்திருந்தார்.

1897 பிப்ரவரி 4ஆம் நாள் தொற்றுநோய்ச் சட்டம் நிறைவேறியது. நான்கே பிரிவுகள் கொண்ட சிறு சட்டம் அது. நோய்த் தடுப்பில் ஆகும் செலவை, இழப்பீடு உட்பட, யார் எவ்வகையில் ஏற்பது என்று அரசே முடிவு செய்யலாம் என அதன் இரண்டாம் பிரிவு கூறியது. அதிகாரிகள் நல்லெண்ணத்துடன் செய்தவற்றின் மீது வழக்குத் தொடர இயலாது என்றது நான்காம் பிரிவு. அதிகாரிக்கு அரண் கிடைத்தது. கூடை சுமந்தவருக்கு ஒரு வரியும் இல்லை.

இந்நிலையில் மாறுதல் காண முற்பட்டவர் அண்ணல் அம்பேத்கர். 1935இல் பம்பாயில் நகராட்சித் தொழிலாளர் சங்கத்தை அவர் அமைத்தார். 1938இல் வேலைநிறுத்தத்தைக் குற்றமாக்க முனைந்த தொழில் தகராறு மசோதாவைச் சட்டமன்றத்தில் எதிர்த்து, வேலைநிறுத்த உரிமை சுதந்திர உரிமையின் மறுபெயரே என வாதிட்டார். அவ்வாண்டு நவம்பர் 7ஆம் நாள் ஒருநாள் வேலைநிறுத்தத்துக்கும் முன்னின்றார். மலம் அள்ளியோரை விலங்கிட்ட சட்டம் பிறந்த மாகாணத்திலேயே அவர் அவ்வாறு பேசினார் என்பதை நாம் மறத்தற்கில்லை.

அந்த 1897ஆம் ஆண்டுச் சட்டமே 2020 மார்ச்சில் மீண்டும் கையில் எடுக்கப்பட்டது. ஏப்ரலில் அதனைத் திருத்தி, நோய்ப் பணியில் ஈடுபட்டோரைத் தாக்குவோர்க்குக் கடுந்தண்டனை விதித்தனர். மருத்துவர், செவிலியர் முதலியோர் அதில் பெயர் சொல்லிக் குறிக்கப்பெற்றனர். துப்புரவுத் தொழிலாளர் அவ்வாறு குறிக்கப்பெறவில்லை.

இக்காலத்தில் சிறைத்தண்டனைக்குத் தேவையில்லை; ஒப்பந்தம் போதும். சென்னையின் சில மண்டலங்களில் 2000ஆம் ஆண்டிலேயே குப்பை அகற்றும் பணி தனியாரிடம் தரப்பட்டது. கொரோனாக் காலத்தில் தெருவில் நின்றோருள் பலர் நிரந்தரப் பணியாளர் அல்லர். 2025 ஆகஸ்டில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களும் தனியாரிடம் செல்வதை எதிர்த்துத் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை முன் அமர்ந்தனர். 22,000 ரூபாய்க்கு மேல் பெற்ற தங்கள் மாத ஊதியம் 17,000 ரூபாயை எட்டாத அளவுக்குக் குறையும் என்பது அவர்கள் முறையீடு. எவர் வேலையும் போகாது என்றது மாநகராட்சி. பதின்மூன்றாம் நாள் இரவில் காவல்துறையினர் அவர்களை அப்புறப்படுத்தினர்.

நம் இளைஞருள் கணக்கியல் பயின்றோர், ஏதேனும் ஒரு நகராட்சியின் வரவு செலவுத் திட்டத்தை வாங்கிப் பார்ப்பார்களாக. நிரந்தரப் பணியாளரின் கூலி ஊதியத் தலைப்பில் இருக்கும். ஒப்பந்தப் பணியாளரின் கூலி அங்கே இராது. அது ஒப்பந்தக்காரருக்குத் தந்த தொகையுள் அடங்கிக் கிடக்கும். வெள்ளை கோட்டும் முகக்கவசமும் இன்றிக் கொள்ளைநோயை எதிர்கொண்ட நம் வீட்டுத் தாய்மாருள் சிலர், அத்தொகைக்குள்தான் பெயரின்றி இருக்கின்றனர்.