பொழுதும் போக்கும்

பொழுதுபோக்கு என்னும் சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகிறோம். அதனைப் பிரித்துப் பார்த்தால் பொழுது முன்னும் போக்கு பின்னும் நிற்கக் காணலாம். போக்க வேண்டுமானால் முதலில் ஒருவரிடம் பொழுது இருத்தல் வேண்டும். மன்னர்களின் போர்களையும் அவை நிகழ்ந்த ஆண்டுகளையும் மனப்பாடம் செய்யும் மாணவர்கள், ஓய்வுப் பொழுதுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. ஊசியும் நூலும் கொண்டு திண்ணையில் அமர்ந்திருக்கும் பெண்ணுக்கும், நாய்க்குட்டிக்குப் பால் வைக்கும் சிறுவனுக்கும் அந்த ஒரு மணி நேரம் எப்படிக் கிடைத்தது? இவ்வினாவுக்கு விடை தேட விரும்புவோர் சிவகாசி வட்டாரத்திற்குத்தான் செல்ல வேண்டும்.

சிவகாசி மழை குறைந்த கரிசல் நிலத்தின் நடுவே அமைந்தது. 1923ஆம் ஆண்டை ஒட்டி, அவ்வூரைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். வானம் பார்த்த பூமியில் வானத்தை நம்பாத ஒரு தொழில் வேரூன்றியது. தீப்பெட்டிக்குப் படம் ஒட்ட வேண்டியிருந்ததால் அச்சகங்கள் எழுந்தன. பட்டாசுத் தொழிலும் வளர்ந்தது. நாட்காட்டிகளும் பள்ளிக் குறிப்பேடுகளும் அங்கிருந்து நாடெங்கும் சென்றன. இவையெல்லாம் பாடநூல்களில் உள்ளவை. அவ்வளவாக எழுதப்படாத செய்தி ஒன்று உண்டு. தொழிற்சாலைக்குள் நடந்த வேலையில் ஒரு பெரும்பகுதி மெல்ல மெல்ல வீட்டுக்குள் புகுந்தது. மெல்லிய மரச்சீவலை மடித்து, தாளைப் பசை தடவிச் சுற்றி, உட்பெட்டியும் மேற்பெட்டியுமாக ஆக்கும் தீப்பெட்டி ஒட்டும் வேலைக்குப் பொறி எதுவும் வேண்டியதில்லை. ஒரு கிண்ணம் பசை போதும். கூலி 144 பெட்டி கொண்ட குரோசுக் கணக்கில் கிடைத்தது. தாய் ஒட்டினாள், பாட்டி ஒட்டினாள், பள்ளியிலிருந்து வந்த பிள்ளையும், பள்ளிக்கே போகாத பிள்ளையும் ஒட்டினர். விளக்கு வைத்த பின்னும் அவ்வேலை ஓயவில்லை. வீடு என்பது உழைப்பு முடிந்து திரும்பும் இடம் என்று நாம் நினைக்கிறோம். அவ்வீடுகளிலோ உழைப்பு பாயை விரித்து உடன் அமர்ந்திருந்தது.

குழந்தைகள் தொழிற்சாலைகளுக்கும் சென்றனர். விடியுமுன் சிற்றூர்களுக்கு வரும் வண்டிகள் உறக்கம் கலையாத சிறுவர் சிறுமியரை ஏற்றிச் சென்ற காலம் உண்டு. 1976ஆம் ஆண்டில் ஹர்பன்ஸ் சிங் தலைமையில் அமைந்த குழு சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்தது. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் பதினான்கு வயது நிரம்பாதோரை அமர்த்தக் கூடாதென்று விதித்தது. ஆயினும் மாணவர்கள் இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். குடும்பத்தார் துணையோடு ஒருவர் நடத்தும் பட்டறைக்கு அத்தடை பொருந்தாது என்ற விலக்கும் அச்சட்டத்திலேயே இருந்தது. சட்டம் வீட்டு வாசற்படி வரை வந்து நின்றுவிட்டது! 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சிவகாசியை முன்னிட்டு எழுந்த வழக்கில், அபாயத் தொழிலில் அமர்த்தப்படும் ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நலநிதிக்குச் செலுத்த வேண்டுமென்று தீர்ப்பளித்தது. 2016ஆம் ஆண்டின் திருத்தம், குழந்தை குடும்பத்திற்கு உதவுவதையும் பள்ளி நேரத்திற்குப் புறம்பாக, அபாயமற்ற வேலைகளில் மட்டுமே இருக்கலாம் என்று வரையறுத்தது. படிக்கு உள்ளே வருவதற்குச் சட்டத்துக்கு முப்பது ஆண்டுகள் ஆயின. இதற்கிடையே இயந்திரங்கள் பெருகின. பள்ளியும் மதிய உணவும் தம் பங்கைச் செய்தன. அந்த மதிய உணவைத் தமிழகமெங்கும் பரப்பிய காமராசர் விருதுநகரில் பிறந்தவர்; பன்னிரண்டு வயதளவில் படிப்பை நிறுத்திக் கடை வேலைக்குச் சென்றவர்.

இவ்வாறு வென்றெடுத்த பொழுதில் மக்கள் என்ன செய்தனர்?

முதலில் ஊசியைப் பார்ப்போம். நம் வீடுகளில் பூத்தையல் வகைகளுள் எளியதும் பரவலானதும் குறுக்குத் தையல். இழைகளை எண்ணி, பெருக்கல் குறி போல் ஒன்றன்மேல் ஒன்றாக இரு தையல் இடுவதே அதன் முழு இலக்கணம். கட்டம் கட்டமாக நெய்த மேட்டித் துணியும் வண்ண நூலும் இருந்தால் பத்து வயதுச் சிறுமியும் ஒரு ரோசாப்பூவைத் தோற்றுவித்துவிடுவாள். மேசை விரிப்பு, தலையணை உறை, வானொலிப் பெட்டியின் மூடுதுணி, பிற்காலத்தில் தொலைக்காட்சியின் மூடுதுணி, கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிய நாய்க்குட்டி, கிளி ஆகியவற்றைக் காணாத தமிழர் சிலரே இருப்பர். உரு வரைவதற்குக் கணக்குப் பாடத்தின் கட்டக் குறிப்பேடே போதும். அக்குறிப்பேடு சிவகாசியில் அச்சானதாகவும் இருக்கக்கூடும்.

ஐரோப்பாவில் இக்கலை பழையது. 1598ஆம் ஆண்டு என்று தேதியும் தைக்கப்பட்ட ஆங்கிலத் தையல் மாதிரித் துணி ஒன்று இலண்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரத்து அச்சகத்தார் கட்டம் போட்ட தாளில் வண்ண உருக்களை வெளியிட்டபோது, வரையத் தெரியாதவரும் எண்ணத் தெரிந்தால் போதும் என்ற நிலை உண்டாயிற்று. எண்ணித் தைக்கும் கலை இந்தியாவுக்கும் புதிதன்று. கன்னட நாட்டின் கசூதித் தையலில் குறுக்குத் தையலுக்கு மெந்தி, அதாவது வெந்தயம், என்றே பெயர். நீலகிரித் தோடர் மகளிர் வெள்ளைத் துணியில் இழையெண்ணிச் சிவப்பும் கறுப்புமாகத் தைக்கின்றனர். நம் பெண்கள் குறுக்குத் தையலை விரைவில் கற்றுக்கொண்டதற்கு வேறொரு காரணமும் உண்டென்று நான் கருதுகிறேன். புள்ளி வைத்து, புள்ளி பிசகாமல் கோலமிட்ட கைகள் அவை. வாசலில் எண்ணியதையே துணியிலும் எண்ணினர்.

தென்பாண்டிச் சீமையில் ஊசி வேலைக்கு நெஞ்சைத் தொடும் வரலாறு ஒன்று உண்டு. 1820களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்னும் அம்மையார், தாம் நடத்திய பெண்கள் பள்ளியில் ரேந்தைப் பின்னலைக் கற்பித்தார். திண்டின்மேல் குண்டூசிகளைக் குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிப் பின்னும் வேலை அது. குறுக்குத் தையலினும் மிகக் கடினமானது. அக்காலத்தில் திருவிதாங்கூரில் அடிமை முறை நிலவியது. அது ஒழிக்கப்பட்டது 1855இல்தான். அப்பள்ளியில் பயின்ற அடிமைப் பெண்களுட் சிலர், ரேந்தை விற்றுக் கிடைத்த கூலியைச் சேர்த்துத் தம் விடுதலையை விலைகொடுத்து வாங்கினர் என்பது வரலாறு. அவ்வம்மையாரின் மகள் எலைசா 1844இல் கால்டுவெல்லை மணந்து, திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் அதே கலையைப் பரப்பினார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தைக் கணவர் எழுதிக்கொண்டிருந்த அதே ஊரில் மனைவியின் மாணவியர் நூலைப் பின்னிக்கொண்டிருந்தனர். முன்னதைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். பின்னதைப் பற்றி எழுதியவர் சிலரே. இன்று ஓய்வுக்காகத் தைக்கும் மாணவியின் கையில் உள்ள ஊசி, ஒரு காலத்தில் சிலருக்கு ஓய்வையே வாங்கிக் கொடுத்தது.

இனி வளர்ப்பு உயிர்களுக்கு வருவோம். சிவகாசியிலிருந்து சிறிது தொலைவில் திருவில்லிபுத்தூர் உள்ளது. அங்கே ஆண்டாளின் கையில் அமர்ந்திருக்கும் கிளி, கல்லோ உலோகமோ அன்று. மாதுளம் பூவை மூக்காக அமைத்து, இலைகளால் உடலும் சிறகும் கட்டி, நாள்தோறும் புதிதாகச் செய்கிறார்கள். அதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். மறுநாள் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கைவினையும் கிளிமேல் உள்ள ஆசையும் இவ்வளவு அழகாக ஒன்றிய இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை. உயிருள்ள பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது இன்று வனவுயிர்ச் சட்டப்படி குற்றம். ஆதலால் இலையில் கட்டிய கிளியும் மேட்டித் துணியில் தைத்த கிளியுமே நமக்கு உரியவை. அது கிளிக்கும் நல்லதுதான்.

நாயின் கதை வேறு. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று உள்ளது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில் எருமை மந்தையைக் காத்து மடிந்த வீரனுக்கு எடுத்த கல் அது. வீரனின் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்பதையும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதையும் கல்வெட்டு சொல்லுகிறது. எத்தனையோ மனிதரின் பெயர்கள் மறைந்துபோக, ஒரு நாயின் பெயர் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக நிலைத்திருக்கிறது!

விருதுநகர் மாவட்டத்தில் இரண்டு ஊர்கள் நாய்களுக்குத் தம் பெயரைத் தந்துள்ளன. இராசபாளையம் நாய் பால் வெண்மை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்டது. வீட்டுக் காவலுக்கும் வேட்டைக்கும் பெயர் பெற்றது. வெம்பக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூரான சிப்பிப்பாறையின் பெயரைத் தாங்கிய நாய் ஒட்டிய வயிறும் நீண்ட கால்களும் உடையது. முயலைத் துரத்தினால் கரிசற்காட்டில் புழுதிதான் கண்ணுக்குத் தெரியும். அதற்கு உறவான கன்னி நாய் கறுப்பு உடலும் செம்பழுப்புக் கால்களும் கொண்டது. புதுமணப் பெண்ணுக்குச் சீராகக் கொடுத்ததால் அப்பெயர் வந்தது என்று கூறுவாருண்டு. உண்மையோ கதையோ, பெண் புகுந்த வீட்டுக்குத் துணையாக ஒரு நாயையும் அனுப்பும் தாய்வீட்டை நினைத்தாலே மனம் குளிர்கிறது.

இந்நாய்களை வளர்த்தோர் பலர் சமீன்களைச் சேர்ந்தவர்களும் வேட்டையில் நாட்டமுள்ள உழவர்களும் ஆவர். 1948ஆம் ஆண்டின் சட்டம் சமீன்களை ஒழித்தது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை ஒழித்தது. இரண்டும் வேண்டியவையே. ஆனால் அவற்றின் விளைவாக இந்நாய்களுக்கு வேலை இல்லாமற் போயிற்று. மேல்நாட்டு நாய் வைத்திருப்பதே பெருமை என்ற எண்ணமும் நகரங்களில் பரவியது. வேலையற்றுப்போன உயிர்கள் அழிந்துபோவது உலக இயல்பு. இவை அழியாமல் தப்பியதற்குக் காரணம், பயன் கருதாது குட்டிகளைப் பேணிய வீட்டார்களே. சொந்தக் கூழில் ஒரு பங்கை நாய்க்கு ஊற்றிய எளிய குடும்பங்களின் பொழுதுபோக்கு, ஓர் இனத்தையே காத்தது. பின்னரே அரசு முன்வந்தது. சென்னைச் சைதாப்பேட்டையில் நாட்டு நாய்களுக்கான இனப்பெருக்க நிலையம் அமைந்தது. 2005 சனவரியில் இராசபாளையம் நாய் அஞ்சல்தலையில் இடம்பெற்றது. 2017இல் தியடோர் பாஸ்கரன் இந்திய நாயினங்களைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார்.

ஆசையிலும் ஓர் ஆபத்து இருப்பதை மறைத்தல் ஆகாது. இராசபாளையம் நாயில் தூய வெண்மையையே மக்கள் விரும்பினர். நெருங்கிய உறவுள்ள நாய்களையே மீண்டும் மீண்டும் இணைத்தனர். தோலில் நிறமி இல்லாமையும் உட்செவியின் குறையும் தொடர்புடையவை. ஆதலால் குட்டிகளுட் சில பிறவியிலேயே செவிடாயின. நிறத்தை மட்டும் பார்த்து நாய் வாங்குவோர் இதை அறிந்திருப்பது நல்லது.

தீப்பெட்டியை மறந்துவிட்டேன் என்று எண்ண வேண்டா. சிவகாசி அச்சிட்ட தீப்பெட்டிப் படங்களில் மானும் புலியும் கிளியும் உலவின. பட்டாசுப் பெட்டிகளில் சேவலும் அணிலும் மயிலும் அமர்ந்தன. அப்படங்களைச் சேர்ப்பது உலகெங்கும் ஒரு பொழுதுபோக்கு. தமிழ்நாட்டுச் சிறுவர்களோ காசு செலவில்லாமல், குப்பையிலும் தெருவோரத்திலும் பொறுக்கியே அதைச் செய்தனர். ஒரே படம் இரண்டு கிடைத்தால் மாற்றிக்கொள்வார்கள். தரையில் வட்டம் கீறிப் பந்தயம் வைத்தும் ஆடுவார்கள். ஓரூரில் ஒரு சிறுவன் பசையிட்டு ஒட்டிய அதே படத்தை வேறோர் ஊரில் மற்றொரு சிறுவன் தண்ணீரில் நனைத்து, கிழியாமல் உரித்து, பழைய குறிப்பேட்டில் வைத்துக் காத்தான். ஒட்டியவனும் உரித்தவனும் ஒரே வயதினராக இருந்த காலம் அது.

தீபாவளி இரவில் அவ்வட்டாரத்து வீடுகளுக்குச் சென்றால் இன்னொரு காட்சியைக் காணலாம். ஆண்டெல்லாம் வெடி செய்து நாட்டுக்கு அனுப்பும் ஊர்களிலேயே, முயலுக்கு அஞ்சாத சிப்பிப்பாறை நாய் கட்டிலுக்கடியில் ஒடுங்கிக் கிடக்கும். வீட்டுப் பிள்ளைகளுள் ஒன்று வாசலில் மத்தாப்பு முடியுமுன்னே உள்ளே வந்து, அதன் காதுகளைக் கையால் பொத்திக்கொண்டு பக்கத்தில் படுத்திருக்கும்.