‘அக்ரஷன்’ என்னும் சொல்லின் கதை

ரிஷிவந்தியம் பக்கத்து மாணவர்கள் திருக்கோவிலூர் உலகளந்த பெருமாளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு காலை வானோக்கித் தூக்கி நிற்கும் அந்தத் திருவுருவத்திற்குத் திரிவிக்கிரமன் என்றும் பெயர் உண்டு. மூன்றடியால் அளந்தவன் என்பது பொருள். இப்பெயருக்குள் இருக்கும் ‘க்ரம்’ என்ற வடமொழி வேர், அடியெடுத்து வைத்தலைக் குறிக்கும். அதன் முன் ‘ஆ’ என்னும் ஒட்டைச் சேர்த்தால் கிடைப்பது, செய்தித்தாளில் நாம் அடிக்கடி காணும் ‘ஆக்கிரமிப்பு’!

ஆங்கிலத்தில் இதற்கு ‘அக்ரஷன்’ என்பார்கள். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் வழங்கத் தொடங்கிய இச்சொல்லின் தாய் இலத்தீன். ‘அட்’ என்றால் நோக்கி; ‘கிராதி’ என்றால் நடத்தல். ஒருவரை நோக்கி அடியெடுத்து வைப்பதே அக்ரஷன். இலத்தீனில் அந்த வினை, பேசுவதற்காக ஒருவரை அணுகுவதையும் ஒரு வேலையைத் தொடங்குவதையும்கூடக் குறித்தது. பகைமை, அதன் பல பொருள்களுள் ஒன்றுதான்.

அப்படியானால் ‘க்ரம்’, ‘கிராதி’ இரண்டும் உடன்பிறப்புகளா? ஒலியைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள். இலத்தீனும் வடமொழியும் ஒரே குடும்பத்து மொழிகள் என்பது உண்மையே. ஆனால் உறவுச் சொற்களில் ஒலிகள் ஒழுங்காக ஒத்துவர வேண்டும். நுகத்தடியைக் குறிக்கும் இலத்தீன் ‘யுகும்’, வடமொழி ‘யுகம்’ ஆகியவற்றில் மெலிந்த ககரம் இருபுறமும் இருக்கிறது. ‘க்ரம்’ வல்லொலியில் தொடங்குகிறது. ‘கிராதி’ மெல்லொலியில் தொடங்குகிறது. எனவே வேர்கள் வேறு, எண்ணம் மட்டுமே ஒன்று. தொல்காப்பியமும், மண்ணாசையால் மன்னன் பகைவர் மேல் ‘செல்வதை’த்தான் வஞ்சித்திணை என்கிறது. மூன்று மொழிகளிலும் தாக்குதல் காலிலிருந்தே தொடங்குகிறது!

இரு வேர்களுக்கும் சந்ததி பெரிது. கிரேடு, டிகிரி, காங்கிரஸ் எல்லாம் இலத்தீன் அடிவைப்பின் வழிவந்தவை. நம் பக்கமோ இன்னும் சுவையானது. வரிசையாக அடிவைத்தால் கிரமம், அது கெட்டால் அக்கிரமம். வீரமாக எடுத்துவைத்தால் பராக்கிரமம், கதிரவன் ஓர் இராசியிலிருந்து மற்றொன்றுக்கு அடியெடுத்து வைத்தால் சங்கிராந்தி.

20ஆம் நூற்றாண்டில் ‘அக்ரஷன்’ மனத்துக்குள்ளும் புகுந்தது. ஆல்ஃபிரட் ஆட்லர் 1908இல் அதை ஓர் உள்ளுந்தலாக விளக்கினார். கான்ராட் லோரன்ஸ் 1963இல் மீன்களையும் பறவைகளையும் கொண்டு அதை ஆராய்ந்து நூல் எழுதினார். நாடுகளுக்கிடையே எது ஆக்கிரமிப்பு என்று ஐ.நா. பொதுச்சபை வரையறுத்தது 1974 டிசம்பர் 14ஆம் நாளில்தான். அதற்குள் இரண்டு உலகப்போர்கள் முடிந்துவிட்டன.

நம் ஊர்களில் இச்சொல்லைக் கேட்டதும் நினைவுக்கு வருவது படையன்று, ஏரி. ஏரிகளைக் காக்க 2007இல் தமிழ்நாட்டில் இயற்றப்பட்ட சட்டத்தின் பெயரிலேயே ஆக்கிரமிப்பு இருக்கிறது. அச்சட்டத்தின் ஆங்கிலப் பெயரில் ‘அக்ரஷன்’ இல்லை. ‘என்க்ரோச்மென்ட்’ என்ற வேறு சொல் இருக்கிறது. அது கொக்கியைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது, அதாவது கொக்கி போட்டு இழுத்துக்கொள்வது. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஏரிக்குள் ஆண்டுக்கு ஓரடியாக வரப்பைத் தள்ளிப் போடுபவரின் செயலுக்குக் கொக்கியைவிட அடியெடுத்து வைத்தலே பொருத்தமாகத் தோன்றுகிறது.