புதிய டிப்ளோமாவுக்கு ஆலோசகரை அமர்த்தும் முன்...

தனியார் கல்லூரி ஒன்று புதிய டிப்ளோமாவைத் தொடங்கவோ பழையதைச் சீரமைக்கவோ முற்படும்போது, வெளியிலிருந்து வியூகத் திட்ட ஆலோசகரை அமர்த்துவதுண்டு. கையில் பணம் குறைவாக உள்ள சிறிய கல்லூரிகளுக்கு இது பெரிய முடிவு.

நம் நாட்டில் இப்பணியின் எல்லையை வகுப்பது 2007-இல் அமைந்த எம்.கியூ.ஏ. எனும் மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனம். பாடத்துறைக்கு முதலில் தற்காலிக அங்கீகாரம் கிடைக்கும். முதல் அணி மாணவர்கள் இறுதியாண்டை எட்டும்போதுதான் முழு அங்கீகாரத்துக்கான மதிப்பீடு நடக்கும். டிப்ளோமாவுக்குக் குறைந்தது 90 கிரெடிட் வேண்டும். (எஸ்.பி.எம். தேர்வில் எடுக்கும் கிரெடிட் வேறு, இது வேறு.) ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 40 மணி நேர உழைப்பு, வகுப்பு, வீட்டுப்பாடம், தேர்வு எல்லாம் அதில் அடங்கும்.

ஆலோசகரிடம் முதலில் கேட்க வேண்டியது, அவர் திட்டமிட்ட பாடத்துறைகளில் எத்தனை முழு அங்கீகாரம் வரை சென்றன என்பதே. தற்காலிக அங்கீகாரத்தோடு நின்றுபோனவற்றையும் விடாமல் கேட்க வேண்டும். "அங்கீகாரம் வாங்கித் தருவது என் பொறுப்பு" என்பவரை அப்போதே அனுப்பிவிடலாம். அந்த முடிவு அவர் கையில் இல்லை. கட்டணத்தை மொத்தமாகக் கொடுக்காமல், வேலைச்சந்தை ஆய்வு, பாடத்திட்ட வரைவு, விரிவுரையாளர் தேவைக் கணக்கு என ஒவ்வொன்றும் கைக்கு வந்த பிறகு தவணையாகக் கொடுப்பது நல்லது. ஆவணங்கள் கல்லூரிக்கே சொந்தம் என ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். இல்லாவிட்டால் அதே பாடத்திட்டம் அடுத்த ஊர்க் கல்லூரிக்கும் போய்ச் சேரும்.

எழுதும் வேலை முழுவதையும் அவரிடமே விட்டுவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. மதிப்பீட்டுக் குழு வரும்போது கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் விரிவுரையாளர்கள். தாங்கள் எழுதாத பாடத்திட்டத்துக்கு அவர்கள் எப்படி விளக்கம் தருவார்கள்?

திட்டம் தவறினால் பாதிப்பு கல்லூரியோடு நிற்பதில்லை. ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்துப் பிள்ளையைச் சேர்த்த தோட்டப்புறப் பெற்றோரும் தவிப்பார்கள். அங்கீகாரம் இல்லாத பாடத்துறைக்குப் பி.டி.பி.டி.என். கடனுதவியும் கிடைக்காது. எம்.கியூ.ஏ.வின் இணையப் பதிவேட்டில் அங்கீகாரம் பெற்ற பாடத்துறைகளை எவரும் தேடிப் பார்க்கலாம். கல்லூரியின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. சேரப்போகும் பாடத்துறையின் பெயரும் அதில் இருக்க வேண்டும்.