குன்னூரின் பதினான்கு ஊசிகள்

தெருநாயைச் சீண்டும் பிள்ளையை அடக்க ஒரு தலைமுறைத் தாய்மார்களுக்கு ஒரே அதட்டல் போதுமானதாக இருந்தது: "கடிச்சா தொப்புளைச் சுத்தி பதினாலு ஊசி!" பூச்சாண்டிக்குப் பயப்படாத பிள்ளைகூட இதற்கு அடங்கியது. அந்தப் பதினாலு ஊசிக்கான மருந்து நீண்ட காலம் மலையிலிருந்துதான் கீழே இறங்கியது. குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்கு எதிரே இன்றும் நிற்கும் பாஸ்டியர் ஆய்வகத்தில் அது தயாரானது.

முதல் ஊசி போட்டுக்கொள்வதற்குப் பெரிய யோசனை தேவைப்படுவதில்லை. நாய் கடித்த பதற்றமே ஆளை ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும். இரண்டாவதுக்கு வருவதா வேண்டாமா என்பதுதான் சிக்கல். காயம் ஆறத் தொடங்கியிருக்கும், பயம் தெளிந்திருக்கும், வேலை அழைக்கும். நீலகிரியின் நூறாண்டுத் தடுப்பூசி வரலாற்றை இந்த இரண்டாம் ஊசியின் பக்கமிருந்து பார்த்தால், விஞ்ஞானிகள் கதையில் வராத பல விஷயங்கள் தெரிகின்றன.

ஆய்வகத்தின் தொடக்கத்தில் ஒரு சாவு இருக்கிறது. 1902-இல் லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலப் பெண் வெறிநாய்க்கடி நோயால் இறந்தார். அப்போது இந்தியாவில் இதற்குச் சிகிச்சை தந்த பாஸ்டியர் நிலையம் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் மட்டும், அதுவும் 1900-இல்தான் தொடங்கப்பட்டிருந்தது. தென்னாட்டில் கடிபட்டவர் அவ்வளவு தூரம் போய்ச் சேர்வதற்குள் நோய் முந்திக்கொள்ளலாம். தெற்கிலும் ஒன்று வேண்டும் என்ற குரல் எழுந்தது. எஃகுத் தொழிலில் கார்னகியின் கூட்டாளியாக இருந்த அமெரிக்கர் ஹென்றி பிப்ஸ், வைஸ்ராய் கர்சனிடம் ஒரு பெருந்தொகையை நன்கொடையாகக் கொடுத்திருந்தார். அதில் ஒரு பகுதி பீகாரின் பூசா வேளாண் ஆய்வு நிலையத்துக்கும், இன்னொரு பகுதி குன்னூருக்கும் போனது. 1907-இல் தென்னிந்திய பாஸ்டியர் நிலையம் செயல்படத் தொடங்கியது. மலை ரயில் ஊட்டியை எட்டியது 1908-இல்தான். அதற்கு முன்பே, ரயில் வந்து நின்றுவிடும் குன்னூரில், நாய்க்கடிக்காரர்கள் இறங்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அவர்கள் ஏன் நேரில் வர வேண்டியிருந்தது? பாஸ்டியரின் முறை அப்படி. வெறிநோய் கண்ட முயலின் தண்டுவடத்தை உலரவைத்து அதிலிருந்து மருந்து செய்தார்கள். அதிக நாள் உலர்ந்ததில் வீரியம் குறைவு, புதியதில் அதிகம். பலவீனமான மருந்தில் தொடங்கி, நாளுக்கு நாள் வீரியமானதை ஏற்றுவதுதான் 1885-இல் ஜோசப் மைஸ்டர் என்ற சிறுவனுக்குப் பாஸ்டியர் செய்த சிகிச்சை. அவனுக்கு 13 ஊசிகள். இந்த ஏற்பாட்டில் ஒரு கொடுமை உண்டு. பாதியில் எழுந்து போகிறவர், மருந்தின் வலுவான பகுதியை வாங்காமலே போகிறார்.

இந்த மருந்தைக் குப்பியில் அடைத்து ஊர் ஊராக அனுப்ப முடியாது. கடிபட்டவர்தான் மலையேறி வந்து, ஏறத்தாழ இரண்டு வாரம் தங்கி, தினமும் வயிற்றைக் காட்ட வேண்டும். தஞ்சாவூரிலோ திருநெல்வேலியிலோ கூலிவேலை செய்யும் ஒருவருக்கு இதன் பொருள் என்ன? இரண்டு வாரக் கூலி போயிற்று. கூடவந்த சொந்தக்காரரின் கூலியும் போயிற்று. பழக்கமில்லாத குளிரில், தெரியாத ஊரில், உடம்பில் ஒரு நோவும் இல்லாமல் ஊசிக்காகக் காத்திருக்க வேண்டும். இப்படிப்பட்டவர் ஆறாம் நாள் மூட்டையைக் கட்டினால் அதை அறியாமை என்று சொல்லிவிடுவது சுலபம். சரியல்ல.

திரும்பி வருவது பற்றிய இந்தப் பிணக்கு நாய்க்கடி ஊசிக்கும் மூத்தது. 1802-லேயே இந்தியாவுக்கு வந்துவிட்ட அம்மை குத்துதலில், ஒரு குழந்தையின் கையில் எழும் கொப்புளத்திலிருந்து நீரெடுத்து அடுத்த குழந்தைக்குக் குத்துவது நெடுங்காலம் வழக்கம். அதற்காக எட்டாம் நாள் பிள்ளையைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார்கள். அந்த வருகையால் தன் பிள்ளைக்கு ஒரு லாபமும் இல்லை. புண்ணைக் கீறுவார்கள், பிள்ளை அழும், பயன் அடுத்த வீட்டுக்கு. நாட்டின் பல பகுதிகளில் தாய்மார்கள் குழந்தைகளை ஒளித்துவைத்தார்கள். பிறகு கன்றுக்குட்டியிலிருந்து அம்மைப்பால் எடுக்கும் முறை பரவி, கிண்டி கிங் நிலையம் போன்ற இடங்களில் உற்பத்தி நடந்தபோதுதான் அந்த எட்டாம் நாள் தொல்லை ஒழிந்தது. ஒருமுறை குத்தினால் ஆயுள் முழுக்கப் போதும் என்று, அம்மை குத்தும் முறையைத் தந்த ஜென்னர் நம்பியதும் பொய்த்தது. மறுபடி குத்த வேண்டும் என்றார்கள். 'போதும் என்று சொன்னீர்களே' என்று மக்கள் கேட்டது அன்று தொடங்கியது.

குன்னூருக்குத் திரும்புவோம். கசௌலியில் டேவிட் செம்பிள் 1911-இல் வேறொரு வழியைக் கண்டார். நோய்க்கிருமி கொண்ட மூளைத் திசுவைக் கார்பாலிக் அமிலத்தால் செயலிழக்கச் செய்து மருந்தாக்கினார். இதைக் குப்பியில் அடைக்கலாம், அனுப்பலாம். நோயாளி மலையேறுவது குறைந்து, மருந்து மலையிறங்கத் தொடங்கியது. ஆட்டு மூளையில் தயாரான இந்த மருந்துதான் தொப்புளைச் சுற்றிய ஊசி. காயத்தின் தன்மைக்கேற்ப 7 முதல் 14 நாள்வரை தினம் ஒன்று. வயிற்றில் போட்டதற்குக் காரணம் எளிமையானது: மருந்தின் அளவு அதிகம், அதைத் தாங்க அகலமான தோல்பரப்பு வேண்டும்.

தூரம் குறைந்தது. பயம் குறையவில்லை, அதற்கு நியாயமும் இருந்தது. ஆட்டு மூளைத் திசு உடலுக்குள் போவதால் சில ஆயிரம் பேரில் ஒருவருக்கு நரம்புகள் தாக்கப்பட்டுக் கைகால் விழுந்துபோனது. சிலர் இறந்தும் போனார்கள். ஆறாவது ஊசிக்குப் பிறகு கால் மரத்துப்போனதாகச் சொல்கிறவருக்கு ஏழாவதைப் போடுவதா என்பது மருத்துவருக்கே எளிதில் விடை கிடைக்காத கேள்வி. நோய் வந்தால் சாவு நிச்சயம். ஊசியால் முடம் ஆகலாம். கடித்த நாய்க்கு வெறி இருந்ததா என்பதும் தெரியாது. இந்த மூன்றையும் சேர்த்து எடைபோட வேண்டியிருந்தவர் ஒரு கூலித் தொழிலாளி. குன்னூரில் நீண்ட காலம் இயக்குநராக இருந்த என். வீரராகவன், வெறிநோய் ஆய்வில் உலக அளவில் அறியப்பட்டவர். அவர் காலத்தில் கார்பாலிக் அமிலத்துக்குப் பதிலாகப் பீட்டா புரோபியோலாக்டோன் பயன்படுத்திய மருந்து அங்கே உருவானது. ஆனாலும் மூளைத் திசு மருந்து மூளைத் திசு மருந்துதான். உலக சுகாதார நிறுவனம் 1980-களிலேயே அதைக் கைவிடச் சொல்லியும், இந்தியாவில் அது 2004 இறுதிவரை நீடித்தது. பணமுள்ளவர் தனியார் கிளினிக்கில் கையில் ஐந்து ஊசியோடு முடித்துக்கொண்டிருந்த காலத்தில், அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நின்றவர்களுக்குத்தான் தொப்புளைச் சுற்றி ஊசி. இந்தத் தாமதத்தை மன்னிப்பது கடினம்.

எத்தனை டோஸ் என்பது மாறாத கணக்கல்ல என்பதற்குத் தமிழ்நாட்டில் இன்னொரு சான்று வேலூர். போலியோ சொட்டு மருந்து மூன்று முறை போதும் என்று மேலைநாடுகள் வகுத்திருந்தன. நம் குழந்தைகளில் பலருக்கு மூன்றும் பற்றவில்லை, கூடுதலாக வேண்டும் என்று 1970-களில் காட்டியவர் சி.எம்.சி. மருத்துவர் டி. ஜேக்கப் ஜான். 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா முகாம் வந்தபோது, 'ஏற்கெனவே போட்டாயிற்றே, எதற்கு இன்னொன்று?' என்ற கேள்வி வாட்ஸ்அப் வதந்தியோடு கலந்து பள்ளிக்கூட வாசல்களில் நின்றது. முகாமுக்கான கால அவகாசத்தை நீட்டிக்க வேண்டியதாயிற்று.

நான்கு ஆண்டுகள் கழித்துக் கொரோனா தடுப்பூசி. கோவிஷீல்டின் இரண்டாம் டோஸ் முதலில் 28 நாள் இடைவெளியில் என்றார்கள். 2021 மார்ச்சில் 6 முதல் 8 வாரம். மே மாதம் 12 முதல் 16 வாரம். தேதி தள்ளத் தள்ள, அவசரமில்லாத ஊசி போலிருக்கிறது என்ற எண்ணம் வளர்ந்தது. நடுவில் ஏப்ரல் 15-இல் ஊசி போட்டுக்கொண்ட நடிகர் விவேக் 17-ஆம் தேதி மாரடைப்பால் இறந்தார். தடுப்பூசிக்கும் அந்த மரணத்துக்கும் தொடர்பில்லை என்று மத்தியக் குழு பின்னர் சொன்னது. அதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன.

நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு தொல்குடிகள். கொரோனா ஊசி வந்தபோது, முதலில் ஊசிக்காரர்களைக் கண்டு காட்டுக்குள் போய்விட்டவர்களும் உண்டு. மாவட்ட நிர்வாகம் குழுக்களைக் குடியிருப்புகளுக்கே அனுப்பியது. இது புது உத்தி அல்ல. கூடலூரில் அஸ்வினி அமைப்பின் மருத்துவர்கள் ஆதிவாசிப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்து, குழந்தைகளுக்கான தடுப்பூசியை வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுபோனது 1980-களின் இறுதியில். தன் சாதிசனத்துப் பெண் வந்து, தன் பாஷையில் சொன்னால், அடுத்த தவணைக்கும் ஆள் வரும். தேயிலைத் தோட்டங்களில் கணக்கு வேறு. ஊசி போட்ட மறுநாள் காய்ச்சலில் படுத்தால் அன்றைய பேர், அதாவது அன்றைய கூலிப் பதிவு, போச்சு. கொழுந்து பறிக்கும் பெண் இரண்டாம் டோஸைத் தள்ளிப்போட இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

2021 செப்டம்பரில் நீலகிரி ஆட்சியர் இன்னசென்ட் திவ்யா, தடுப்பூசிச் சான்று காட்டினால்தான் டாஸ்மாக்கில் சரக்கு என்று அறிவித்தார். ஊரே சிரித்தது, ஊசிக்கு வராமல் எஞ்சியிருந்தவர்களை வரிசைக்கு வரவைக்கத்தான் இந்த ஏற்பாடு என்பதையும் சொல்ல வேண்டும். இதே மலையில், நூறாண்டு மருந்து செய்த பாஸ்டியர் ஆய்வகம் கொரோனா ஊசி தயாரிக்கவில்லை. 2008-இல் உற்பத்தித் தரத்தைக் காரணம் காட்டி உரிமம் நிறுத்தப்பட்டு, 2010-இல் திரும்பக் கிடைத்த நிலையம் அது. அதைப் பயன்படுத்துங்கள் என்ற கோரிக்கை எழுந்தும், குன்னூர்க்காரர்கள் வெளியூரில் செய்த ஊசியைத்தான் போட்டுக்கொண்டார்கள்.

நாய்க்கடி ஊசி இன்று வயிற்றைவிட்டுக் கைக்கு வந்துவிட்டது. அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் இரு கைகளிலும் 0.1 மில்லி வீதம், முதல் நாளும், பிறகு 3, 7, 28-ஆம் நாள்களிலும் இலவசமாகப் போடுகிறார்கள். தோலைத் துளைத்த கடியென்றால் காயத்திலேயே எதிர்ப்புப் புரதமும் சேர்த்துச் செலுத்துவார்கள். கடித்தவுடன் சுண்ணாம்போ மிளகாய்த்தூளோ அப்பாமல், ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவ வேண்டும். கடித்தது வீட்டு நாய், அது பத்து நாள் கண்முன்னே நலமாக இருக்கிறது என்றால், மீதி ஊசியை நிறுத்தலாமா என்று மருத்துவரைக் கேட்டு முடிவுசெய்யலாம். ஓடிப்போன நாய்க்கும், காட்டு விலங்குக்கும் அந்தச் சலுகை கிடையாது.

மீதமிருப்பது அந்த 28-ஆம் நாள். புண் ஆறி, பயம் மறந்து, வேலை நெருக்கும் நாள் அது. ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்து, ஊசிக்குப் போகிற தொழிலாளிக்கு அன்றைய பேரைப் பிடிக்காமல் விடுவதற்குத் தோட்ட நிர்வாகங்கள் மனம்வைக்க வேண்டும். அரசு அதை உத்தரவாகவே போடலாம்.